ரேவதி முடியும் வரை

பாக்கியவதி எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் முதல் நாளே இரண்டு காரியம் செய்துவிடுவாள். நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பாள். அப்புறம் தினசரிக் காலண்டர் எந்தச் சுவரில் தொங்குகிறது, பக்கத்தில் ஒழுங்காக ஓடுகிற கடிகாரம் இருக்கிறதா என்று பார்ப்பாள். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள், ஞாயிறு ஆராதனையை விடாதவள், உனக்கெதுக்கு திதியும் நட்சத்திரமும் என்று கேட்டவர்கள் உண்டு. "எனக்கு வேண்டாம். சாகப்போறவங்க வீட்டுக்கு வேணும்லா" என்பாள். 

இருபத்திரண்டு வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். மாடிப்படி ஏறி ஏறி முட்டி தேய்ந்துபோனதும் அதை விட்டுவிட்டு, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற வேலைக்கு வந்தாள். டவுன், ஜங்ஷன், தச்சநல்லூர் என்று ஒரு வீட்டார் சொல்லி இன்னொரு வீட்டார் கூப்பிடுவார்கள். குணமாக்குவதற்காக யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அது கூப்பிட்டவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முதல் சாவு டவுனில் ஒரு வீட்டில். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த வீட்டு அம்மாளின் மூச்சு நின்றது. புரோகிதர் வந்து, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். "ரெண்டு, ரெண்டரை இருக்கும் சாமி" என்றாள் பாக்கியவதி. அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அன்று ரெண்டு இருபத்திநாலுக்கு தசமி முடிந்து ஏகாதசி பிறந்திருந்தது. "அதுக்கு முன்னயா, பின்னயா?" என்றார். அவளால் சொல்ல முடியவில்லை. வருஷா வருஷம் திவசம் கொடுப்பதற்கு இங்கிலீஷ் தேதி உதவாது; எந்த மாசம், வளர்பிறையா தேய்பிறையா, உயிர் பிரிந்தபோது எந்தத் திதி, இதுதான் கேள்வி. அண்ணன் தசமி என்றான், தம்பி ஏகாதசி என்றான். பிணத்தை வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். இன்றைக்கும் அந்த வீட்டில் ஒரே தாய்க்கு அண்ணன் ஒருநாள், தம்பி மறுநாள் என்று தனித்தனியாகச் சோறு படைக்கிறார்கள்.

அந்த வெட்கத்தில்தான் அவள் ஒரு பஞ்சாங்கம் வாங்கினாள். நோயாளிகள் தூங்குகிற மத்தியான வேளைகளில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் தூரம் பன்னிரண்டு பாகை கூடக் கூட ஒவ்வொரு திதியாகக் கழிகிறது என்பது மெல்லப் பிடிபட்டது. சந்திரன் ஒரே சீராக நடக்கிற ஆள் இல்லை. ஒரு திதி பத்தொன்பது மணி நேரத்திலேயே முடிந்துவிடும், இன்னொன்று இருபத்தாறு மணி நேரம் இழுக்கும். அதனால் திதி காலையில் மாறும், சாயங்காலம் மாறும், நடுப்பகலில் சோறு வடிக்கும்போதும் மாறும். நட்சத்திரமும் அப்படித்தான். சந்திரன் சுற்றுகிற பாதையை இருபத்தேழு பங்காக்கி, அது எந்தப் பங்கில் நிற்கிறதோ அதுதான் அந்த நேரத்து நட்சத்திரம். பஞ்சாங்கத்துக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். அங்கிருந்து இருபத்திநாலு நிமிஷம் ஒரு நாழிகை என்று எண்ணிக்கொண்டு போகவேண்டும். இதெல்லாம் தெரிந்த பிறகு அவள் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டாள். யார் போனாலும் மணி, நிமிஷம் இரண்டையும் அந்த இடத்திலேயே எழுதிவிடுவாள்.

அவள் கண்டிப்புக்கு வேறொரு காரணமும் இருந்தது. அவள் புருஷன் ஜாஸ்பர் லாரி ஓட்டியவன். கயத்தாறுக்குப் பக்கத்தில் வண்டி கவிழ்ந்து, விடிந்த பிறகுதான் யாரோ பார்த்தார்கள். சான்றிதழில் காலை 6.10 என்று போட்டிருந்தது. அது அவனைக் கண்டெடுத்த நேரம். அவன் எப்போது செத்தான், எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்தான் என்பது யாருக்கும் தெரியாது.

தச்சநல்லூரில் ஆவுடையப்ப பிள்ளை வீட்டுக்கு அவள் போனது ஒரு ஆனி மாசத்தில். பெரியவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்து மூன்று வயது. நுரையீரல் இரண்டும் சுருங்கிப்போய், நாலு வார்த்தை பேசினால் எட்டு தடவை மூச்சு வாங்குகிற நிலைமை. மனைவி போய்ப் பத்து வருஷம். மகன் குருபிரசாத் மோட்டார் பம்புசெட் கடை வைத்திருந்தார். மகள் செண்பகம் ஏரலில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள்; மாசம் இரண்டு தடவை பஸ் ஏறி வந்து அப்பாவைப் பார்ப்பாள்.

பதினாலு மாசம் பாக்கியவதி அந்த வீட்டில் வேலை பார்த்தாள். காலையில் ஏழு மணிக்கு வந்தால் பொழுது சாய்ந்துதான் போவாள். அங்கேதான் இரண்டு வேளைச் சாப்பாடு. பெரியவர் அவளைத் "தாயி" என்பார். குருபிரசாத் "சிஸ்டர்" என்பார். தட்டில் குறை வைத்ததில்லை, மரியாதையில் குறை வைத்ததில்லை.

ஒருநாள் பெரியவர் கொஞ்சம் தெளிவாக இருந்தார். மகனும் பக்கத்தில் இருந்தார்.

"தாயி, ஒண்ணு சொல்லுதேன். நேரம் வந்துட்டுன்னா என்னைப் பிடிச்சு வைக்காதிய. மூக்குல, தொண்டையில குழாய் ஏதும் போட்டுராதிய. கூட வேலை பாத்தவன் ஒருத்தன் ஆஸ்பத்திரியில அப்படிக் கிடந்து போனான். நான் பாத்தேன்."

மகனைத் திரும்பிப் பார்த்தார். "லே, உனக்குந்தான்."

"சரிப்பா" என்றார் குருபிரசாத். அப்போது அவர் அதை மனசார சொன்னார் என்றே பாக்கியவதி இன்றைக்கும் நம்புகிறாள்.

மறு வருஷம் ஆவணி அவிட்டத்தன்று பெரியவருக்கு மூச்சு மோசமானது. உதடு நீலம் பாய்ந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு வாசலுக்குப் போய், "ரெண்டு நாள், கூடிப்போனா மூணு நாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிரயோஜனம் இல்ல" என்று சொல்லிப் போனார். குருபிரசாத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். டாக்டர் போனதும் நேராக உள்ளே வந்து காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கிழிக்காத தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

பாக்கியவதிக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இந்த ஐந்தில் ஒருவர் செத்தால் அடைப்பு. உயிர் போன அறையை ஆறு மாசம் பூட்டிப்போட வேண்டும். அதுவரை அந்த வீட்டில் நல்ல காரியம் கிடையாது. குருபிரசாத்தின் மகளுக்குத் தை மாசம் முகூர்த்தம் குறித்து, பத்திரிகைக்கு வாசகம் எழுதிவைத்திருந்தார்கள். தாத்தா போனாலும் வருஷத்துக்குள் பேத்தி கல்யாணத்தை முடிப்பதுண்டு. மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்வார்கள். அடைப்பு உள்ள வீடு என்றால் பின்வாங்கிவிடுவார்கள். ஆவணியிலிருந்து ஆறு மாசம் என்றால் மாசி.

"சிஸ்டர், இங்கன வாங்க" என்று கூப்பிட்டார். "வியாழக்கிழமை சாயங்காலம் நாலு முப்பத்தொண்ணு வரைக்கும் ரேவதி. அப்புறம் அசுவினி. அசுவினின்னா ஒரு தொந்தரவும் இல்ல."

"டாக்டர் மூணு நாள்னுதான் சொன்னாவ அண்ணாச்சி. வியாழக்கிழமைன்னா நாலு நாளைக்கு மேல ஆவுமே."

"அதுக்குத்தான் நீங்க இருக்கிய. அப்பாவைத் தாங்க வைக்கணும்."

அவர் வீட்டிலிருந்த பழைய பாணி வாக்கியப் பஞ்சாங்கத்தையும் எடுத்து வந்தார். அதில் ரேவதி இருபத்தாறு நாழிகை ஐந்து விநாடி என்று இருந்தது. பஞ்சாங்க விநாடி என்பது நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு. உதயம் ஆறு ஐந்து. கூட்டினால் அதே நாலு முப்பத்தொன்று. இன்னொரு பஞ்சாங்கம், திருக்கணிதம், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் பார்த்தார். சந்திரனை இன்று வானத்தில் பார்க்கிறபடிக் கணிப்பது அது. அதில் ரேவதி முக்கால் மணி நேரம் பிந்தி முடிந்தது. அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நம்ம வீட்டுல எப்பவும் வாக்கியந்தான்" என்றார்.

அடுத்து வந்த நாலு நாட்களைப் பாக்கியவதி யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. குருபிரசாத் வேறொரு டாக்டரைக் கூட்டி வந்தார். ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு வந்தது. கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். திங்கட்கிழமை மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டார்கள். போட்டது டாக்டர் இல்லை, பாக்கியவதிதான். ராத்திரியும் அவள் அங்கேயே தங்கினாள். மணிக்கு ஒரு தடவை தொண்டைக்குள் சின்னக் குழாயை விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்த உடம்பு படுக்கையை விட்டு எழும்பி விழும். பெரியவருக்குப் பேச்சு இல்லை. நினைவு இருந்தது. கண்ணைத் திறந்து அவளைப் பார்ப்பார். அவள் கண்ணைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவர் மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"கையைக் கட்டிருங்க சிஸ்டர்" என்றார் குருபிரசாத்.

"அண்ணாச்சி, வேண்டாமே. அவரு அன்னைக்கு என்ன சொன்னாருன்னு நீங்களும் கேட்டிய."

"எனக்கு மட்டும் மனசு இல்லையா? நான் பெத்த பிள்ளைக்காகச் செய்யுதேன். அவரு பேத்திக்குத்தானே? கேட்டா அவரே சரின்னுதான் சொல்லுவாரு." கீழே கிடந்த குழாயைக் குனிந்து எடுத்து அவளிடம் நீட்டினார். "ரெண்டே நாளு. பைய கட்டுங்க, வலிக்காம."

ஒரு ஈரிழைத் துண்டை இரண்டாகக் கிழித்து அவள் அந்தக் கைகளைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினாள். துணி அறுக்காமல் இருக்கப் பஞ்சு வைத்துக் கட்டினாள். வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போனால் வேறு யாராவது வந்து பஞ்சு வைக்காமல் கட்டுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையா, சாக்கா என்று அவளுக்கு இப்போதும் தெரியாது.

வியாழக்கிழமை தேய்பிறைச் சதுர்த்தி. காலையிலிருந்தே வீட்டில் எல்லோரும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி தாண்டியதும் குருபிரசாத் முகத்தில் ஒரு தெளிச்சம் வந்தது. "ஒண்ணரை மணி நேரம்" என்று மனைவியிடம் சொன்னார். பெரியவருடைய மூச்சு நீண்ட இடைவெளி விட்டு விட்டு வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் பாக்கியவதி முப்பது எண்ணினாள், பிறகு நாற்பது எண்ணினாள். அப்புறம் எண்ணிக்கொண்டே இருந்தாள், மூச்சு வரவில்லை. கழுத்தில் விரல் வைத்தாள். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று ஐம்பது.

"அண்ணாச்சி" என்றாள்.

குருபிரசாத் எழுந்து வரவில்லை. நாற்காலியில் இருந்தபடியே, "இன்னும் ஆகல சிஸ்டர்" என்றார்.

"போயிட்டாரு அண்ணாச்சி."

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வாயைத் திறக்கப்போன மனைவியைக் கையைக் காட்டி நிறுத்தினார். ஆக்சிஜன் பாட்டிலில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் அதை நிறுத்தப் போனபோது, "அது இருக்கட்டும்" என்றார்.

"நாப்பது நிமிஷந்தான். நாப்பது நிமிஷத்துக்காக ஒரு பிள்ளை வாழ்க்கையைக் கெடுக்கணுமா? நாலு நாப்பதுன்னு வைப்போம். டாக்டரு நீங்க சொல்லுததைத்தான் எழுதுவாரு." கைகூப்பினார். அறுபது வயசை நெருங்குகிற மனிதர். "உங்களுக்கு என்ன சிஸ்டர், உங்க சாமி நட்சத்திரமா பாக்குது?"

அந்த வார்த்தை அவளைக் குத்தியது. ஆனாலும் அவள் சொன்னது வேறு: "அண்ணாச்சி, சதுர்த்தி நாலு அஞ்சுக்கு முடியுது. நாலு நாப்பதுன்னா பஞ்சமி. நட்சத்திரத்தைத் தாண்டும்போது திதியும் தாண்டிரும். வருஷா வருஷம் திவசம் தப்புன நாள்ல நடக்கும்."

குருபிரசாத் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "அதைப் பெறகு பாத்துக்கிடலாம்" என்றார்.

அவள் கைக்கட்டுகளை அவிழ்த்தாள். மணிக்கட்டில் சிவந்த தடம் இருந்தது. அதன்மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

நாலு இருபதுக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஏரலிலிருந்து செண்பகம். கையில் ஒரு பையோடு ஓடி வந்து கதவைத் தட்டினாள். அவளுக்குக் கதவைத் திறக்காமல் இருக்க முடியாது. திறந்துவிட்டுக் குருபிரசாத், "மூச்சு ரொம்ப லேசா இருக்கு. அழுது தொந்தரவு பண்ணாத" என்றார்.

செண்பகம் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "ஏம்மா, கால் இப்படிச் சில்லுன்னு இருக்கே" என்று பாக்கியவதியிடம் கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் தேய்க்க ஆரம்பித்தாள். "அப்பா, நான்தான்பா. பஸ்ஸு குரும்பூர்ல நின்னுபோச்சு. வேற வண்டி பிடிச்சு வாரேன். கோவமா இருக்கியாப்பா?" என்று பேசிக்கொண்டே போனாள். அண்ணியிடம் கொஞ்சம் பால் கேட்டு வாங்கி, ஸ்பூனால் அப்பா உதட்டில் விட்டாள். ஒரு சொட்டு உள்ளே போயிருக்கும். மிச்சம் கடைவாயில் வழிந்தது. தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "குடிச்சிட்டாரு அண்ணே. நான் கொடுத்ததைக் குடிச்சிட்டாரு" என்றாள்.

பாக்கியவதி கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் ஆக்சிஜன் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு நாற்பதுக்குக் குருபிரசாத் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். "அப்பா" என்று அலறினார். அந்த அழுகையில் பொய் இல்லை. ஐம்பது நிமிஷமாக உள்ளே அடக்கிவைத்தது அது. வீடே அழுதது. டாக்டருக்குக் கொடுக்கிற தாளில் பாக்கியவதி மாலை 4.40 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் கருப்பந்துறையில் எரித்தார்கள். அவளுடைய சின்ன நோட்டில் மட்டும் மூன்று ஐம்பது என்று இருந்தது.

தை மாசம் கல்யாணம் நடந்தது. அவளுக்கு அழைப்பு வரவில்லை. சாவு பார்த்த ஆளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. அதை அவள் பெரிதுபடுத்தியதுமில்லை. அடுத்த ஆவணியில் தேய்பிறைச் சதுர்த்தியன்று அவள் வேறொரு வீட்டில் ஒரு அம்மாளுக்குப் புண் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் காலண்டர் தாளைப் பார்த்ததும் நினைவு வந்தது. தச்சநல்லூரில் நாளைக்குத்தான் இலை போடுவார்கள். இவ்வளவு பெரிய உலகத்தில், அந்த மனுஷர் செத்த திதி இன்றைக்கு என்று நினைத்துக்கொண்டது, அவரைக் கட்டிலோடு கட்டிய ஒரு வேதக்காரி மட்டும்தான். இரண்டு வருஷம் அப்படியே போனது.

மூன்றாவது வருஷம் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து அவள் உலை வைத்திருந்தபோது வாசலில் கார் நின்றது. குருபிரசாத்தும் செண்பகமும் இறங்கினார்கள். அவர் மெலிந்திருந்தார். உட்கார்ந்ததும் செண்பகம்தான் பேச்சைத் தொடங்கினாள். கல்யாணமான அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போய்விட்டது. ஜோசியரிடம் போயிருக்கிறார்கள். அவர் சோழி உருட்டிப் பார்த்து, முன்னோருக்குக் கொடுக்கிற திதி அவருக்குப் போய்ச் சேரவில்லை, செத்த நேரத்தில் பிசகு இருக்கிறது, நேரம் சொன்னவர்களைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

பாக்கியவதி குருபிரசாத்தைப் பார்த்தாள். அவரே சொல்லிவிடுவார் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள்.

"சிஸ்டர்" என்றார் அவர். "நீங்க அன்னைக்கு நேரத்தைத் தப்பா எழுதிட்டியளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."



"நாலு நாளா தூக்கமில்லாம இருந்திய. நான் குத்தம் சொல்லலை. மனுஷங்கதானே. ஆனா எழுதுனது உங்க கையெழுத்துதானே? சரியான நேரம் என்னன்னு சொல்லிட்டா நாங்க திதியை மாத்திக்கிடுவோம்."

அவர் அவள் கண்ணையே பார்த்துப் பேசினார். அந்தக் கண்ணில் கெஞ்சலும் இருந்தது, தைரியமும் இருந்தது. உண்மையைச் சொன்னால் அது முதலில் யார் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரியும். செண்பகம் பக்கத்தில் இருந்ததால் பாக்கியவதியால் சொல்ல முடியாது என்று நினைத்தார். வேண்டுமென்றே அவளைக் கூட்டிவந்தாரோ என்னமோ. நேரம் முன்னே பின்னே என்று ஒரு திதியை மட்டும் அவள் முணுமுணுத்தால் போதும், தப்பு அவளோடு போய்விடும்.

"சதுர்த்திக்குக் கொடுங்க" என்றாள் பாக்கியவதி.

"அப்படின்னா எத்தனை மணி?" என்று கேட்டாள் செண்பகம். "ஜோசியரு மணி கேட்டிருக்காரே. நான் உள்ள வரும்போது நாலு இருபது. அப்போ அப்பாவுக்கு உசிரு இருந்துச்சுல்லா?"

உலை கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. பாக்கியவதி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, செண்பகத்தின் கையில் கொடுத்தாள்.

"மூணு அம்பது" என்று வாசித்தாள் செண்பகம். இன்னொரு தடவை வாசித்தாள். "நாலு இருபதுக்கு நான் காலைத் தேய்ச்சேனே. பால் ஊத்துனேனே. அப்ப நான் யாருக்கு ஊத்துனேன்?"

"அம்மா, அண்ணாச்சி கேட்டுக்கிட்டாவ. ரேவதி முடியட்டும்னு—"

"நான் எங்கன கேட்டேன்?" என்றார் குருபிரசாத். சத்தம் போடவில்லை. "நான் அழுத அழுகையில எனக்கு மணி தெரியுமா? வேலைக்கு வந்த இடத்துல செஞ்ச தப்பை மறைக்க என் மேலயே பழி போடுதியளே, நல்லா இருக்கா?"

பாக்கியவதி செண்பகத்தைத்தான் பார்த்தாள். அண்ணன் சொல்வது பொய் என்று அவள் புரிந்துகொண்டாள். அது முகத்தில் தெரிந்தது. அவள் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

"அவன் எம்புட்டு வேணா சொல்லியிருப்பான்" என்றாள். "அவன் புத்தி எனக்குத் தெரியும். நீ தலைமாட்டுல நின்னியே. நான் அப்பா அப்பான்னு பேசிக்கிட்டு இருந்தப்போ நீ பாத்துக்கிட்டேதானே நின்ன? மூணு வருஷமா நான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுதேன், எங்கப்பா எங்கையால பால் குடிச்சுட்டுத்தான் போனாருன்னு. அது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு."

பாக்கியவதி எழுந்து நின்றாள். "மன்னிச்சிருங்கம்மா" என்றாள். செண்பகம் நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கையிலேயே எடுத்துக்கொண்டு போய்க் காரில் ஏறினாள்.

அந்த ஆவணியில் சதுர்த்திக்குத் திவசம் நடந்தது என்று பின்னால் கேள்விப்பட்டாள். அடைப்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? ஊரில் பரவியது ஒன்றுதான்: அந்த நர்ஸம்மா நேரத்தை மாத்திச் சொல்லுவா. சாவு வீட்டில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. தச்சநல்லூரிலிருந்து அழைப்பு நின்றது. பிறகு டவுனிலிருந்தும் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீட்டிலேயே, "ஊருக்குப் போன மருமவ வந்துட்டா, இனிமே அவளே பாத்துக்கிடுவா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அதே வீட்டுக்கு வேறொரு நர்ஸ் போவதை அவள் பார்த்தாள்.

இப்போது பாளையங்கோட்டையில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் இருக்கிறாள். காய்ச்சலுக்கு மாத்திரை, அடிபட்டால் மருந்து, மாசக் கஷ்டத்துக்கு வெந்நீர்ப் பை. சென்னையிலிருக்கும் மகள் ஃபெபி போனில், "நிம்மதியான வேலைதானம்மா, இதுக்கு ஏன் வருத்தப்படுத?" என்கிறாள். நிம்மதியான வேலைதான். அவள் மறுக்கவில்லை.

போன தை மாசம் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். கூட்டமாக ஒரு பஸ் வந்தது. அவள் முண்டியடித்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மூன்றாவது இருக்கையில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். செண்பகத்தின் பக்கத்தில் இருந்தவர் அந்த ஸ்டாப்பில் இறங்கியிருந்தார்; அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. பாக்கியவதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செண்பகம் பையை எடுத்துக்கொண்டு, "இறங்கணும், வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கிவிட்டாள்.

அது அவள் இறங்கவேண்டிய இடம் இல்லை. ரோட்டோரத்தில் வெயிலில் நின்று, அடுத்த பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரும்மா உக்காரலையா? எடம் சும்மா கெடக்கு" என்றார் கண்டக்டர். பாக்கியவதி உட்காரவில்லை. பாளையங்கோட்டை வரை நின்றுகொண்டே போனாள்.